அனுமதி எளிது, அதன் பிறகு?

அண்மையில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். தனியார் நிறுவனமொன்றில் கணக்காளராகப் பணிபுரிகிறார். சென்னையின் மேற்குப் புறநகரில் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய 1,800 சதுர அடி மனையில் இப்போது வீடு கட்டத் தொடங்கவிருக்கிறார். தரைத்தளம் தமக்கு, முதல் தளம் மகனுக்கு. அதற்கு மேல் இன்னொரு தளம் எழுப்பி வாடகைக்கு விட்டால், வங்கிக் கடனின் மாதத் தவணையில் ஒரு பகுதியை அதிலிருந்தே அடைத்துவிடலாம் என்று எண்ணியிருக்கிறார்.

அந்த எண்ணத்தில் தவறில்லை. ஆனால், ஒப்பந்தம் பேச வந்த மேஸ்திரி அவருக்கு ஒரு வழி சொல்லியிருக்கிறார். "இரண்டு தளத்துக்கு மட்டும் இணையத்தில் உடனடி அனுமதி வாங்கிவிடுங்கள். மேல்தளத்தை ஆறு மாதம் கழித்துப் போட்டுக்கொள்ளலாம். இந்தத் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். பின்னால் அரசாங்கமே வரன்முறை செய்து கொடுத்துவிடும்." மாணவர் தெருவைச் சுற்றிப் பார்த்திருக்கிறார். மேஸ்திரி சொன்னதில் பெரும்பகுதி உண்மையாகவே இருந்திருக்கிறது. என்னிடம் வந்து அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "விதிப்படி கட்டுகிறவன் ஏமாளியா, ஐயா?"

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பொருளியல் கற்பித்த எனக்கு அந்தக் கேள்விக்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. நகரத்தில் வீடு கட்ட அனுமதி எதற்கு, அது எப்படித் தரப்படுகிறது, தரப்பட்ட பிறகு என்ன நடக்கிறது என்பதையெல்லாம் பார்க்காமல் அதற்கு நேர்மையான விடை கூற முடியாது.

இரண்டு அனுமதிகள், ஒரு நோக்கம்

தமிழ்நாட்டு நகரங்களில் ஒரு கட்டடம் எழ இரண்டு சட்டங்களின் ஒப்புதல் தேவை. 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ் பெறுவது திட்ட அனுமதி. இந்த இடத்தில், இந்தப் பயன்பாட்டுக்காக, இவ்வளவு பரப்பில் கட்டலாமா என்பதை அது முடிவு செய்கிறது. உள்ளாட்சிச் சட்டத்தின் கீழ் பெறுவது கட்டட அனுமதி. சென்னைப் பெருநகர்ப் பகுதியில் சி.எம்.டி.ஏ.வும், பிற பகுதிகளில் நகர் ஊரமைப்பு இயக்ககமும் திட்ட அனுமதிக்குப் பொறுப்பானவை. சிறிய குடியிருப்புகளைப் பொருத்தவரை அந்த அதிகாரம் உள்ளாட்சி அமைப்புகளுக்கே பகிர்ந்தளிக்கப்பட்டிருப்பதால், சாதாரண வீடு கட்டுவோர் இரண்டு அனுமதிகளுக்கும் ஒரே இடத்தில் விண்ணப்பிக்க முடிகிறது.

விண்ணப்பத்துக்கு முதல் தேவை, நிலத்தின் உரிமையில் சிக்கலின்மை. கிரயப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, நில அளவை வரைபடம் ஆகியவை ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். பத்திரத்தில் ஓர் அளவும் பட்டாவில் வேறோர் அளவும் இருந்தால், அதைத் திருத்திய பிறகே மேலே செல்ல இயலும். அடுத்தது, மனை அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவில் இருக்க வேண்டும். விளைநிலங்கள் கல் நட்டுக் கூறுகளாக விற்கப்பட்ட காலம் நமக்கு நினைவிருக்கும். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை விதித்தது. அதன்பின், 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் உருவான மனைகளை வரன்முறை செய்வதற்கான விதிகள் 2017-இல் வந்தன. அத்தகைய மனையை வாங்கியிருப்பவர், வீட்டு வரைபடத்துக்குச் செலவிடும் முன் மனையின் வரன்முறை ஆணையைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மூன்றாவது, வரைபடம். சி.எம்.டி.ஏ., நகராட்சிகள், ஊராட்சிகள் என்று இடத்துக்கிடம் வேறுபட்டிருந்த விதிகளை ஒன்றாக்கி, 2019 பிப்ரவரியில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வெளியிடப்பட்டன. வரைபடம் இந்த விதிகளுக்கு உட்பட்டிருக்க வேண்டும். அவற்றில் சாதாரண மனிதர் புரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு.

ஒன்று, தளப்பரப்புக் குறியீடு. மனையின் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்பதே அது. உயரமற்ற சாதாரணக் கட்டடங்களுக்கு முன்பு ஒன்றரை மடங்காக இருந்த இந்த வரம்பு 2019-இல் இரண்டு மடங்காக உயர்த்தப்பட்டது. என் மாணவரின் 1,800 சதுர அடி மனையில் எல்லாத் தளங்களும் சேர்ந்து 3,600 சதுர அடி வரை கட்டலாம். மற்றொன்று, சுற்றிலும் விட வேண்டிய காலியிடம். முன்புறமும் பக்கவாட்டிலும் பின்புறமும் எவ்வளவு இடம் விடுவது என்பது கட்டடத்தின் உயரத்தையும் சாலையின் அகலத்தையும் பொருத்து மாறும்.

இந்த விதிகளைப் பலரும் உரிமையாளரின் சுதந்திரத்தில் அரசு தலையிடுவதாகவே பார்க்கிறார்கள். 'என் பணம், என் நிலம், என் வீடு' என்ற வாதத்தை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். ஆனால், நகரத்தில் ஒருவர் கட்டும் வீட்டின் செலவு முழுவதையும் அவரே ஏற்பதில்லை. பக்கவாட்டில் விடாத மூன்றடி, அடுத்த வீட்டுச் சமையலறையின் வெளிச்சத்தைக் குறைக்கிறது. அந்த மூன்றடி இல்லாததால் தீயணைப்பு வீரர் பின்பக்கம் செல்ல முடிவதில்லை. கூடுதலாக எழும்பும் தளத்தில் குடியேறும் நான்கு பேருக்கான குடிநீரும் கழிவுநீரும் அதே பழைய குழாயில்தான் செல்ல வேண்டும். மண்ணை முழுவதும் சிமெண்டால் மூடிவிட்டால், அங்கே இறங்கியிருக்க வேண்டிய மழைநீர் பள்ளத்தில் உள்ளவர் வீட்டுக்குள் நுழைகிறது. 2003-இல் தமிழகத்தில் மழைநீர் சேகரிப்பு எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டதற்கும் காரணம் இதுதான். நிலத்தடி நீர் எந்தத் தனி மனிதரின் சுவருக்குள்ளும் அடங்குவதில்லை.

ஒருவர் செய்யும் செயலின் சுமை, அதில் பங்கேற்காத மற்றொருவர் மீது விழுவதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். அண்டை வீட்டாருடன் ஒவ்வொருவரும் தனித்தனியே பேசித் தீர்த்துக்கொள்வது நடைமுறையில் இயலாது. அதனால் நகரம் எல்லோருக்குமாக ஒரே ஒப்பந்தத்தை எழுதி வைத்திருக்கிறது. கட்டட அனுமதி என்பது, அந்த ஒப்பந்தத்துக்கு நான் கட்டுப்படுகிறேன் என்று அண்டை வீட்டாருக்கு நாம் அளிக்கும் வாக்குறுதி.

தாமதத்துக்கும் ஒரு விலை உண்டு

நல்ல நோக்கமுடைய ஒரு விதி, அதைப் பின்பற்றுவதற்கு ஆகும் செலவால் தோற்றுப்போவதும் உண்டு. பெரு நாட்டுப் பொருளியலாளர் ஹெர்னாண்டோ டி சோட்டோ, 2000-இல் வெளியான தமது நூலில் இதற்கு ஓர் எடுத்துக்காட்டைத் தந்தார். தலைநகர் லிமாவில் அரசுக்குச் சொந்தமான நிலத்தில் வீடு கட்டச் சட்டப்படி அனுமதி பெற, 52 அலுவலகங்களில் 207 நடைமுறைகளைக் கடந்து, ஆறு ஆண்டுகளும் பதினொரு மாதங்களும் காத்திருக்க வேண்டியிருந்தது. இவ்வளவு நீண்ட வழியை வைத்துவிட்டு, மக்கள் சட்டத்துக்கு வெளியே குடிசை போடுகிறார்கள் என்று குறைகூறுவதில் பொருளில்லை என்பது அவர் வாதம்.

நம் ஊரிலும் ஒரு தலைமுறை அலைந்திருக்கிறது. ஒரு கையெழுத்துக்காகப் பலமுறை சென்றவர்கள், 'கோப்பு நகர' வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும் என்று இடைத்தரகரிடம் கேட்டறிந்தவர்கள் நம் குடும்பங்களிலேயே உண்டு. காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் வீட்டு வாடகையும் கடன் வட்டியும் ஒருசேர ஏறுகின்றன. சிமெண்டும் கம்பியும் விலை உயர்கின்றன. கையூட்டு என்பது பல நேரங்களில் இந்தக் காத்திருப்பின் செலவைக் குறைத்துக்கொள்வதற்காகத் தரப்படும் விலையாகிவிடுகிறது.

ஆகவே, அனுமதியை எளிதாக்க எடுக்கப்பட்ட முயற்சிகளை நான் மனமார வரவேற்கிறேன். 2024 ஜூலை 22 அன்று தொடங்கப்பட்ட சுயசான்றுத் திட்டம் அவற்றில் முக்கியமானது. 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடிக்கு மிகாமல், தரைத்தளமோ தரைத்தளத்துடன் முதல் தளமோ கொண்ட வீடு கட்டுவோர், ஒற்றைச் சாளர இணையதளத்தில் விவரங்களையும் உறுதிமொழியையும் அளித்து உடனடியாக அனுமதி பெறலாம். உயரம் ஏழு மீட்டருக்குள் இருக்க வேண்டும். முன்கூட்டிய களஆய்வு இல்லை. பரிசீலனைக் கட்டணமும் உள்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் இல்லை. கட்டி முடித்த பின் பணி நிறைவுச் சான்றிதழ் பெறும் தேவையும் இல்லை. நடுத்தரக் குடும்பம் தன் வாழ்நாளில் ஒருமுறை கட்டும் வீட்டுக்கு அரசு இவ்வளவு இடையூறின்றி வழிவிடுவது நல்ல மாற்றம்.

ஆனால், வேகத்தை மட்டுமே வெற்றியாகக் கொள்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. உலக வங்கி வெளியிட்டுவந்த, தொழில் தொடங்குவதை எளிதாக்கும் நாடுகளின் பட்டியலில் 'கட்டட அனுமதி பெறுதல்' ஒரு தனி அளவுகோல். 2018-ஆம் ஆண்டு அறிக்கையில் அதில் இந்தியாவின் இடம் 181. 2020-ஆம் ஆண்டு அறிக்கையில் அது 27. இரண்டே ஆண்டுகளில் பெரும் பாய்ச்சல். அந்த அளவீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டவை மும்பை, தில்லி ஆகிய இரண்டு நகரங்கள். கட்டுவதாக வைத்துக்கொள்ளப்பட்டது ஒரு கிடங்கு. நடைமுறைகளின் எண்ணிக்கை, நாள்கள், செலவு, விதிகளின் தரம் ஆகியவை கணக்கிடப்பட்டன. அனுமதித்த வரைபடத்தின்படியே தெருவில் கட்டடங்கள் எழுகின்றனவா என்பதை அந்த எண் சொல்லவில்லை. தரவுகளில் முறைகேடுகள் இருந்தது தெரியவந்ததால் 2021-இல் உலக வங்கி அந்த அறிக்கையையே நிறுத்திவிட்டது. அனுமதித் தாள் எத்தனை நாளில் கிடைத்தது என்பது ஒரு கேள்வி. அந்தத் தாளில் உள்ளது களத்தில் நிற்கிறதா என்பது வேறொரு கேள்வி. இரண்டாவது கேள்வியை நாம் போதிய அளவு கேட்பதில்லை.

மவுலிவாக்கம் சொன்ன செய்தி

2014 ஜூன் 28 அன்று மாலை, சென்னை மவுலிவாக்கத்தில் கட்டப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. 61 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் ஆந்திரத்திலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் தமிழகத்தின் பிற பகுதிகளிலிருந்தும் பிழைக்க வந்த கட்டடத் தொழிலாளர்கள். அருகில் எழும்பியிருந்த அதன் இணைக் கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது.

நாம் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. அது அனுமதியின்றி எழுந்த கட்டடமன்று; சி.எம்.டி.ஏ.வின் திட்ட அனுமதி பெற்றது. வரைபடத்தில் உயரமும் காலியிடமும் வாகன நிறுத்துமிடமும் பார்க்கப்பட்டிருந்தன. தூண்கள் அந்த எடையைத் தாங்குமா, அடித்தளம் அந்த மண்ணுக்கு ஏற்றதா என்பது உரிமையாளரும் அவர் அமர்த்திய பொறியாளரும் ஏற்கும் பொறுப்பு என்பதே அன்றைய நடைமுறை. 'அனுமதி பெற்ற அடுக்குமாடி' என்ற விளம்பரத்தைப் பார்த்து முன்பணம் கட்டியவருக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

கட்டட வணிகத்தில் விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. சுவருக்குப் பூச்சு பூசிய பிறகு உள்ளே எத்தனை கம்பி இருக்கிறது என்பதை எவராலும் கண்ணால் பார்க்க முடியாது. இந்த அறியாமை இடைவெளியை நிரப்பும் இடத்தில் ஒரு நடுநிலையான கண் தேவைப்படுகிறது. அந்தக் கண் கட்டுமானத்தின் இடையிலும் முடிவிலும் திறந்திருக்க வேண்டும். அதற்கான கருவிதான் பணி நிறைவுச் சான்றிதழ். அனுமதித்ததும் கட்டியதும் ஒன்றுதான் என்று சொல்லும் ஆவணம் அது ஒன்றே.

சுயசான்றில் தனி வீடுகளுக்கு அளிக்கப்பட்ட விலக்கை நான் புரிந்துகொள்கிறேன். கட்டுகிறவரே அதில் வாழப்போகிறார். தன் தலைக்கு மேலுள்ள கூரையில் அவர் ஏமாற்றிக்கொள்ள மாட்டார். ஆனால், 2024-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, 14 மீட்டர் உயரத்துக்கும் 750 சதுர மீட்டருக்கும் உட்பட்ட, எட்டு வீடுகள் வரை கொண்ட குடியிருப்புகளுக்கும் இந்தச் சான்றிதழ் வேண்டியதில்லை. 2016-ஆம் ஆண்டின் மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டமும் எட்டு வீடுகள் வரையிலான திட்டங்களுக்குப் பதிவிலிருந்து விலக்களிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், நம் புறநகர்களில் மிகப் பரவலாகக் கட்டி விற்கப்படும் சிறிய அடுக்குமாடிகளில் பல, எந்தக் கண்ணிலும் படாமல் விற்பனைக்கு வந்துவிட முடியும். அங்கே கட்டுகிறவர் ஒருவர். வாழப்போகிறவர்கள் வேறு எட்டுக் குடும்பங்கள். ஒவ்வொரு விலக்கும் தனித்தனியே நியாயமாகத் தோன்றலாம். இரண்டும் சந்திக்கும் இடத்தில் வாங்குபவர் பாதுகாப்பின்றி நிற்கிறார்.

பிடிபடும் வாய்ப்பும் மன்னிக்கும் வழக்கமும்

இனி மேஸ்திரியின் யோசனைக்கு வருவோம். பொருளியலில் நோபல் பரிசு பெற்ற கேரி பெக்கர், ஒருநாள் மாணவர் ஒருவரின் தேர்வுக்குத் தாமதமாகிவிட்ட நிலையில், வண்டியை விதிமீறி நிறுத்துவதா, தொலைவில் கட்டணம் செலுத்தி நிறுத்துவதா என்று கணக்கிட்டதாகத் தமது நோபல் உரையில் கூறியிருக்கிறார். பிடிபடும் வாய்ப்பையும் அபராதத்தையும் எண்ணிப் பார்த்து, விதிமீறுவதே ஆதாயம் என்று முடிவு செய்தாராம். தண்டனையின் கடுமையோடு, அது நேரும் வாய்ப்பையும் சேர்த்தே மனிதர்கள் எடைபோடுகிறார்கள் என்ற அவரது ஆய்வுக்கு அந்த நிகழ்ச்சி ஒரு தூண்டுதல்.

இதையே நம் தெருவுக்குப் பொருத்திப் பார்க்கலாம். விளக்கத்துக்காக நானே வைத்துக்கொள்ளும் எண்கள் இவை. விதிமீறி எழுப்பும் தளத்தால் பத்தாண்டுகளில், கட்டிய செலவு போக, பத்து லட்சம் ரூபாய் கிடைக்கிறது என்று கொள்வோம். இடிக்க நேர்ந்தால் இழப்பு இருபத்தைந்து லட்சம். நடவடிக்கை வரும் வாய்ப்பு நூற்றில் இரண்டு என்றால், எதிர்பார்க்கும் இழப்பு ஐம்பதாயிரம். எதிர்பார்க்கும் ஆதாயம் ஒன்பது லட்சத்து எண்பதாயிரம். இழப்பை இருமடங்காக்கினாலும் அது ஒரு லட்சம்தான். ஆனால், நடவடிக்கை வரும் வாய்ப்பு நூற்றில் ஐம்பதானால், இழப்பு பன்னிரண்டரை லட்சமாக ஏறி, ஆதாயம் ஐந்து லட்சமாக இறங்கிவிடுகிறது. தண்டனையைக் கடுமையாக்கும் அறிவிப்புகளால் தெரு ஏன் மாறுவதில்லை என்பதற்கு விடை இதில் இருக்கிறது. விதியை மீறினால் யாராவது வந்து பார்ப்பார்கள் என்ற நிச்சயமே மனிதரைத் தடுக்கிறது.

அந்த நிச்சயத்தை நாமே கரைத்த வரலாறும் உண்டு. 1998-இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டு, 1999 பிப்ரவரி 28 வரை விதிமீறிக் கட்டப்பட்டவை கட்டணம் பெற்று வரன்முறை செய்யப்பட்டன. ஒருமுறை மட்டுமே தரப்படும் சலுகை என்ற அடிப்படையில் 2000-இல் உச்சநீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால், அந்தக் கடைசித் தேதி 2000, 2001, 2002 என அடுத்தடுத்து நீட்டிக்கப்பட்டது. அந்த நீட்டிப்புகளை 2006-இல் சென்னை உயர்நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. விதிமீறிய கட்டடங்களுக்குச் சீல் வைக்கும் பணி தியாகராய நகரில் தொடங்கியதும், 2007-இல் அவற்றைக் காக்க அவசரச் சட்டம் வந்தது. 2012-இல் 113-சி என்ற புதிய பிரிவு சேர்ந்தது. 2007 ஜூலை 1-க்கு முன் கட்டப்பட்டவற்றுக்காக அதன் விதிகள் 2017-இல் வெளியாயின. எந்த ஒரு கட்சியின் ஆட்சியோடும் இந்த வழக்கம் முடிந்துவிடவில்லை.

ஒவ்வொரு முறையும் 'இதுவே கடைசி' என்றுதான் சொல்லப்பட்டது. இத்தகைய வாக்குறுதிகளின் இயல்பை ஃபின் கிட்லேண்ட், எட்வர்ட் பிரெஸ்காட் ஆகிய இருவர் 1977-இல் ஆராய்ந்தனர். 2004-இல் நோபல் பரிசும் பெற்றனர். வெள்ளச் சமவெளியில் வீடு கட்டுவோருக்கு அணை கட்டித் தர மாட்டோம் என்று அரசு அறிவிக்கிறது. ஆனால், மக்கள் அங்கே குடியேறிவிட்டால் அவர்களைக் கைவிட அரசால் இயலாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே குடியேறுகிறார்கள், அணையும் வருகிறது. அவர்களது கட்டுரையில் உள்ள எடுத்துக்காட்டே இது. சென்னைக்காக எழுதியதைப் போலிருக்கிறது.

இந்த மன்னிப்பில் இரக்கம் இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் குடியிருக்கும் கட்டடங்களை இடித்துத் தள்ள எந்த அரசும் தயங்கும். ஆனால், அந்த இரக்கத்தின் செலவை ஏற்றவர் யார்? விதிப்படி இடம் விட்டுக் கட்டியவர், வாடகை வருமானத்தை இழந்தவர், அடுத்த வீட்டுச் சுவரால் வெளிச்சம் இழந்தவர். அவர்களுக்கு எந்தச் சட்டத் திருத்தமும் இழப்பீடு தரவில்லை. மேஸ்திரி பொருளியல் படித்ததில்லை. ஆனாலும், இருபது ஆண்டுக்கால அரசாணைகளின் சாரத்தை அவர் ஒரே வாக்கியத்தில் சரியாகச் சொல்லிவிட்டார்.

செய்யக் கூடியவை

2024 டிசம்பர் 17 அன்று, உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகரில் குடியிருப்பு மனையில் எழுந்த வணிகக் கட்டடம் குறித்த வழக்கில், உச்சநீதிமன்றம் நாடு முழுமைக்குமான சில வழிகாட்டுதல்களை அளித்தது. அனுமதிக்கப்பட்ட வரைபடம் கட்டுமான இடத்தில் தொடக்கம் முதல் முடிவு வரை பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அதிகாரிகள் அவ்வப்போது ஆய்வு செய்து பதிவு செய்ய வேண்டும். நிறைவுச் சான்றிதழுக்குப் பிறகே மின்சாரமும் குடிநீரும் இணைக்கப்பட வேண்டும். வங்கிகளும் அதைச் சரிபார்த்தே கடன் தர வேண்டும். தவறாகச் சான்றளிக்கும் அதிகாரி மீது துறை நடவடிக்கை வேண்டும்.

இவற்றை நம் ஊருக்கு ஏற்ப நடைமுறையாக்கச் சில வழிகள் எனக்குத் தோன்றுகின்றன. முதலாவது, சுயசான்று அனுமதிகளில் பத்தில் ஒன்றையாவது கணினி குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, அடித்தளம் எழுந்ததும் ஒருமுறை, கூரை போட்டதும் ஒருமுறை நேரில் பார்க்கலாம். பார்க்கச் செல்பவர் வேறு மண்டலத்தின் பொறியாளராக இருக்கட்டும். யார் வீட்டுக்கு யார் வருவார் என்பது இருவருக்கும் முன்கூட்டித் தெரியாமல் இருக்கட்டும். வரைபடங்களைச் சரிபார்ப்பதில் மிச்சமான அலுவலர்களின் நேரம் இதற்குப் பயன்பட்டால்தான் சுயசான்று முழுமையான சீர்திருத்தமாகும்.

இரண்டாவது, ஒவ்வோர் அனுமதியும் தெருவாரியாக இணைய வரைபடத்தில் எல்லோரும் காணும்படி இருக்க வேண்டும். எத்தனை தளங்கள், எவ்வளவு காலியிடம் என்பது பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்தால், அவரைவிடச் சிறந்த கண்காணிப்பாளர் வேறு எவருமில்லை. விதிமீறலை அடித்தள நிலையிலேயே நிறுத்துவது எளிது. குடும்பம் குடியேறிய பின் அது எவராலும் இயலாது.

மூன்றாவது, விற்பனைக்காகக் கட்டப்படும் எந்த அடுக்குமாடிக்கும், அது மூன்று வீடுகள் கொண்டதாயினும், நிறைவுச் சான்றிதழ் கட்டாயமாக வேண்டும். விலக்கு, தானே கட்டித் தானே குடியிருப்பவரோடு நிற்கட்டும். நான்காவது, வரைபடத்தில் கையொப்பமிடும் பொறியாளரின் பொறுப்பு கட்டி முடியும் வரை தொடர வேண்டும். விதிமீறலைத் தெரிவிக்காதவரின் பதிவு நீக்கப்பட வேண்டும். ஐந்தாவது, இன்னொரு வரன்முறைத் திட்டம் வராது என்பதைச் சட்டமன்றத்தின் எல்லாக் கட்சிகளும் ஒருசேர அறிவிக்க வேண்டும். நம்பத்தக்க ஒரே ஒரு மறுப்பு, நூறு எச்சரிக்கைகளுக்கு ஈடு.

இவற்றோடு, விதிப்படி மூன்று தளம் கட்ட விரும்புகிறவருக்கான வழியும் குறுக வேண்டும். உடனடி அனுமதிக்கும் வழக்கமான அனுமதிக்கும் இடையில் உள்ள தொலைவு அதிகமாக இருந்தால், மக்கள் முதலாவதைப் பெற்றுக்கொண்டு இரண்டாவதைக் கட்டவே செய்வார்கள்.

மாணவருக்குச் சொன்ன விடை

என் மாணவரிடம் நான் முதலில் சொன்னது அவர் எதிர்பாராத ஒன்று. மேல்தளம் அவருக்கு மறுக்கப்பட்டதே அன்று. தளத்துக்கு 1,150 சதுர அடி வீதம் மூன்று தளங்கள் கட்டினால் 3,450 சதுர அடி. தளப்பரப்புக் குறியீட்டின் வரம்பான 3,600-க்குள் அடங்கிவிடும். உயரத்துக்கு ஏற்பக் காலியிடமும் வாகன நிறுத்துமிடமும் விட்டால், வழக்கமான முறையில் அவர் அதற்கு அனுமதி கேட்கலாம். கட்டணமும் காத்திருப்பும் அதிகம். ஆனால், அடித்தளமும் தூண்களும் தொடக்கத்திலேயே மூன்று தளங்களுக்காக வடிவமைக்கப்படும். இரண்டு தளங்களுக்காகப் போட்ட தூண்மீது பின்னாளில் மூன்றாவதை ஏற்றுவதில் உள்ள ஆபத்து, எந்த வரன்முறை ஆணையாலும் நீங்காது. அரசு மன்னிக்கலாம், புவியீர்ப்பு மன்னிப்பதில்லை. சென்னை, நில அதிர்வு வரைபடத்தில் மிதமான ஆபத்துடைய மூன்றாம் மண்டலத்தில் வைக்கப்பட்டிருக்கும் நகரம் என்பதையும் நினைவூட்டினேன்.

அவர் யோசித்தார். வழக்கமான முறையிலேயே விண்ணப்பித்திருப்பதாகச் சில வாரங்களுக்குப் பின் தொலைபேசியில் சொன்னார். விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது. அதே தெருவில் அவருக்குப் பின் பூமிபூஜை போட்ட ஒருவர் இரண்டு தளத்துக்கு உடனடி அனுமதி பெற்று, இப்போது மூன்றாவது தளத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருக்கிறாராம். "பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஐயா" என்றார். குரலில் கசப்பு இல்லை. ஆனால், கேள்வி இன்னும் இருந்தது.

விதிப்படி கட்டுகிறவர் ஏமாளியா என்ற கேள்விக்கு வகுப்பறையில் விடை சொல்லிவிடலாம். அந்தத் தெருவில் அதற்கு விடை சொல்ல வேண்டியவர் நானல்லேன். மூன்றாவது தளத்தின் கூரை போடப்படுவதற்குள், நகரத்தின் சார்பில் ஒருவர் அளவு நாடாவுடன் அங்கே போய் நிற்கிறாரா என்பதில்தான் அந்த விடை இருக்கிறது.